கிராஃபீனையும் மாஃபையும் சேர்த்து மின்வினையூக்கி செய்வது எப்படி

கிராஃபீன் (ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்) பொடியையும் மாஃப் (துளைகள் நிறைந்த படிகம்) பொடியையும் ஆகேட் உரலில் போட்டு அரைத்துவிட்டு "கலப்புப் பொருள் தயார்" என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் படிகமும் தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது வேறு. மாஃப் படிகம் கிராஃபீன் தாளின் மேலேயே முளைத்து, அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும். அப்போதுதான் தாளில் ஓடும் எலெக்ட்ரான் படிகத்தின் உலோக மையம் வரை தடையில்லாமல் போய்ச் சேரும். இதற்கு எதை எந்த வரிசையில் ஊற்றுவது, இணைந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது, அளக்கும்போது எந்த இடத்தில் ஏமாந்துபோவோம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். புதிதாக லேபுக்குள் வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த இரண்டையும் சேர்க்கிறோம் என்பது சுருக்கமாக. மாஃப் என்பது உலோகக் கரிமச் சட்டகம்: உலோக அயனிகள் முடிச்சுகளாகவும் கரிம மூலக்கூறுகள் கம்பிகளாகவும் சேர்ந்து கட்டும் படிகம், உள்ளே முழுக்கத் துளை. ஓமர் யாகியின் குழு 1999-ல் மாஃப்-5 வெளியிட்டதிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், யாகி மூவருக்கும் 2025-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. துளை நிறைய, உலோக மையமும் நிறைய, ஆனால் பெரும்பாலான மாஃப்கள் மின்சாரத்தைக் கடத்தாது. மின்வினையூக்கத்தில், அதாவது மின்முனையில் நடக்கும் வினையை வேகப்படுத்துவதில், அது பெரிய குறை. கிராஃபீனுக்குப் பிரச்சினை தலைகீழ். பிரமாதமாகக் கடத்தும், ஒரு கிராமுக்கு 2630 சதுர மீட்டர் பரப்பு என்று கணக்கு சொல்லும். ஆனால் உலர்த்தியதும் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு அந்தப் பரப்பில் பெரும்பகுதி காணாமல் போய்விடும், வினை நடக்கும் இடங்களும் அதில் குறைவு. மாஃப் படிகங்கள் தாள்களுக்கு இடையில் உட்கார்ந்தால் தாள்கள் ஒட்டாது, தாள் அடியில் இருந்தால் படிகத்துக்கு மின்சாரம் வரும். ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. 2009-ல் பெட்டிட், பான்டோஸ் இருவரும் மாஃப்-5ஐ கிராஃபீன் ஆக்சைடோடு சேர்த்தது வாயுவை உறிஞ்சுவதற்காக. ஆக்சிஜன் ஒடுக்க வினைக்கு (ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வினை) இரும்பு போர்ஃபிரின் மாஃபைக் கிராஃபீனோடு சேர்த்து 2012-ல் காட்டியது சிங்கப்பூரில் லோவின் குழு.

எந்த மாஃப்? தொடங்குகிறவர்களுக்கு நான் ஸிஃப்-67தான் சொல்வேன். கோபால்ட்டும் 2-மெத்தில் இமிடசோலும் போதும், அறை வெப்பநிலையில் மெத்தனாலில் ஒரே நாளில் வரும், ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலன் வேண்டாம், டிஎம்எஃப் கரைப்பானும் வேண்டாம். நல்ல ஊதா நிறம் என்பதால் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். கார்பாக்சிலேட் இணைப்பி உள்ள மாஃப்களில் பல அடர்ந்த காரத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், ஆக்சிஜன் வெளியேற்ற வினைக்கு (தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வினை) நாம் போடப்போவதோ 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஸிஃப்-67உம் அங்கே அப்படியே நிற்காது, அதைப் பின்னால் பார்ப்போம்.

கிராஃபீன் ஆக்சைடு

சுத்தமான கிராஃபீனில் கோபால்ட் அயனி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அதனால் கிராஃபீன் ஆக்சைடில் தொடங்கி, படிகம் வளர்ந்த பிறகு ஒடுக்கிக்கொள்ள வேண்டும். ஆக்சைடின் ஓரங்களில் கார்பாக்சில், மேல்பரப்பில் ஹைட்ராக்சில், எபாக்சைடு எல்லாம் உண்டு. தாள் எதிர்மின்சுமை கொண்டது, கோபால்ட் நேர்மின்சுமை கொண்டது. நம் வேலை முழுவதும் இந்த ஈர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

சிதறலாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே செய்வதானால் 1958-ல் வந்த ஹம்மர்ஸ் முறையோ, பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கும் 2010-ன் மேம்பட்ட முறையோ போதும். எதைச் செய்தாலும் அடர் கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, பனிக்கட்டித் தொட்டியில் வைத்துத்தான் போட வேண்டும். அங்கே உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு சுமார் 55 டிகிரிக்கு மேல் வெடிக்கும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கொட்டக்கூடாது, தனியாக இருக்கும்போதும் செய்யக்கூடாது. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் பளிச்சென்று மஞ்சளாகும். அதற்கப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, தண்ணீரில் பலமுறை கழுவி, முடிந்தால் டயாலிசிஸ் பையில் சில நாள் போட்டு வையுங்கள். இந்தக் கழுவலில் சோம்பல் படாதீர்கள். மிச்சம் இருக்கும் மாங்கனீசும் வினையூக்கிதான், கடைசியில் நீங்கள் அளப்பது கோபால்ட்டையா மாங்கனீசையா என்றே தெரியாமல் போகும். மிச்சம் இருக்கும் பொட்டாசியம் உப்புகளோ உலர்ந்த ஆக்சைடைச் சூடாக்கும்போது சட்டென்று பற்ற வைக்கும்.

இன்னொன்று, ஆக்சைடைப் பொடியாக உலர்த்தி வைக்காதீர்கள். ஒருமுறை உலர்ந்துவிட்டால் தாள்களைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. தண்ணீரில் சிதறலாகவே வைத்துக்கொண்டு, வேண்டும்போது சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துவிட்டு மெத்தனால் ஊற்றி, இதையே மூன்று முறை செய்தால் தண்ணீர் போய் மெத்தனால் வந்துவிடும். அப்புறம் தொட்டி சோனிகேட்டரில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், தண்ணீர் சூடாகாமல் பனிக்கட்டி போட்டுக்கொண்டு. புரோப் சோனிகேட்டர் வேகமாக வேலை செய்யும்தான், ஆனால் தாள்களைத் துண்டுதுண்டாக்கிவிடும், துண்டான தாளில் மின்சாரம் ஒவ்வொரு இணைப்பிலும் தடுக்கி விழுந்துதான் போகும்.

தாளின் மேல் படிகத்தை வளர்ப்பது

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். அளவுகள் இப்படி: 40 மில்லிகிராம் கிராஃபீன் ஆக்சைடு 80 மில்லிலிட்டர் மெத்தனாலில். கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 582 மில்லிகிராம், அதாவது 2 மில்லிமோல், 20 மில்லிலிட்டர் மெத்தனாலில். 2-மெத்தில் இமிடசோல் 1.31 கிராம், அதாவது 16 மில்லிமோல், 50 மில்லிலிட்டர் மெத்தனாலில். கோபால்ட்டுக்கு எட்டு மடங்கு இமிடசோல் என்பது சமன்பாட்டுக்குத் தேவையானதைவிட மிக அதிகம், தெரிந்தேதான் போடுகிறோம். அதிகம் இருந்தால் மிச்ச இமிடசோலே காரமாக வேலை செய்து புரோட்டானை எடுத்துக்கொள்ளும், முளைகளும் நிறையத் தோன்றும், படிகம் சிறிதாக வரும். எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள், கையுறையோடு. மெத்தனால் ஆவி நல்லதல்ல, கோபால்ட் உப்பு புற்றுநோய் அபாயம் உள்ளது, அதன் பொடியைச் சுவாசிக்கவே கூடாது.

முதலில் கோபால்ட், பிறகுதான் இமிடசோல். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். ஆக்சைடையும் இமிடசோலையும் முதலில் கலந்துவிட்டுக் கோபால்ட்டை ஊற்றினால், கோபால்ட் தாளைத் தேடிப் போகாது, கரைசலில் மிதக்கும் இமிடசோலைத்தான் உடனே பிடிக்கும், படிகங்கள் நடுக்கரைசலில் தனியாக முளைக்கும். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். பொடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எஸ்இஎம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் வெறும் தாள்கள் ஒருபக்கமும் பெரிய பெரிய படிகங்கள் இன்னொரு பக்கமும் கிடந்தன.

கோபால்ட்டைச் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரட்டை நேர்மின்சுமை உள்ள அயனி இரண்டு தாள்களை ஒன்றாகக் கட்டிவிடும். கரைசலை மொத்தமாக ஊற்றினால் கண் முன்னாலேயே ஆக்சைடு கட்டிகட்டியாகத் திரளும், திரண்டுவிட்டால் உள்ளே இருக்கும் பரப்பு போனது போனதுதான். அதனால்தான் ஆக்சைடை மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் என்று நீர்க்க வைத்தேன். சொட்டுச் சொட்டாக, வேகமாகக் கலக்கிக்கொண்டே, 20 மில்லிலிட்டரை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு விடுங்கள். பிறகு ஒரு மணி நேரம் அப்படியே கலங்கட்டும். லேசான திரட்சி வந்தால் பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடம் சோனிகேட்டரில் வைத்தால் கலையும். கலையாத கட்டி என்றால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் நீர்க்க வைத்துத் திரும்பத் தொடங்குங்கள்.

அடுத்து இமிடசோல் கரைசல். இதைச் சீராக, ஒரு பத்து நிமிடத்தில் ஊற்றிவிடலாம். கரைசலின் இளஞ்சிவப்பு நிறம் ஊதாவாக மாறும், ஆக்சைடின் பழுப்பும் சேர்ந்து கருத்த ஊதாவாகத் தெரியும். மெதுவாகக் கலக்கிக்கொண்டு ஒரு மணி நேரம், பிறகு அசையாமல் 24 மணி நேரம். அப்புறம் நிமிடத்துக்கு 8000 சுற்றில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ், புது மெத்தனாலில் மூன்று முறை கழுவல், 60 டிகிரியில் வெற்றிட அடுப்பில் ஓர் இரவு.

ஆக்சைடு எவ்வளவு சதவீதம் என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. கோபால்ட் முழுவதும் ஸிஃப்-67 ஆனால் 442 மில்லிகிராம் வரும், அந்தக் கணக்கில் ஆக்சைடு சுமார் 8 சதவீதம். விளைச்சல் அவ்வளவு வராது என்பதால் உண்மையில் 10, 12 இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். குறைத்தால் தாள்கள் ஒன்றோடொன்று தொடாமல் மின்பாதை அறுந்துபோகும், கூட்டிக்கொண்டே போனால் தாள்கள் படிகத்தைப் போர்த்திக்கொண்டு துளைகளை மூடிவிடும். இடையில் எங்கோ உச்சம் இருக்கும், அதை 5, 10, 20 என்று மூன்று மாதிரி செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை சதவீதம் போட்டீர்கள் என்பதைவிட எத்தனை சதவீதம் உள்ளே இருக்கிறது என்பது முக்கியம். அதற்கு வெப்ப எடை ஆய்வைக் காற்றில் 800 டிகிரி வரை ஓட்டுங்கள். கரிமமெல்லாம் எரிந்து கோபால்ட் ஆக்சைடு மட்டும் மிஞ்சும். தூய ஸிஃப்-67 என்றால் உலர்ந்த எடையில் 36.3 சதவீதம் மிஞ்ச வேண்டும். உங்கள் கலப்புப் பொருளில், ஆரம்பத்தில் போகும் கரைப்பான் எடையைக் கழித்த பிறகு, 32.7 மிஞ்சினால் ஸிஃப் 90 சதவீதம், மீதி 10 கிராஃபீன் ஆக்சைடு.

இணைந்ததா?

எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) 7.3, 10.4, 12.7, 18.0 டிகிரிகளில் ஸிஃப்-67 உச்சங்கள் வர வேண்டும். தாமிரக் கதிர்மூலம் என்றால் கோபால்ட் ஒளிர்ந்து பின்னணி மேலே ஏறியிருக்கும், அதைப் பார்த்துப் படிகத்தன்மை குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். கிராஃபீன் ஆக்சைடின் உச்சம் 10, 11 டிகிரிப் பக்கம் வரும், ஸிஃப் உச்சத்தோடு மோதும் இடம் அது. தாள்கள் நன்றாகப் பிரிந்திருந்தால் அது தெரியவே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் நல்லது. கிராஃபீன் இருக்கிறது என்பதற்கு ராமன் நிறமாலையைப் பாருங்கள், 1350, 1580 எண்களின் அருகே இரண்டு பட்டைகள்.

இவையெல்லாம் இரண்டும் இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். இணைந்திருக்கின்றனவா என்று சொல்லாது. அதற்கு எளிய சோதனை, ஒரு சிட்டிகைப் பொடியை எத்தனாலில் போட்டுப் பத்து நிமிடம் சோனிகேட்டரில் நன்றாக உலுக்கிவிட்டு, சிலிக்கான் தகட்டில் ஒரு சொட்டு விட்டு எஸ்இஎம்மில் பாருங்கள். படிகங்கள் இன்னும் தாளின் மேல்தான் இருக்கின்றனவா, அல்லது தாளைவிட்டுத் தகட்டில் சிதறிக் கிடக்கின்றனவா? உலுக்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் நம்பலாம். ஆக்சைடு இல்லாமல் அதே அளவில் வளர்த்த படிகத்தைவிட இது சிறிதாக இருந்தால் இன்னும் நல்லது, தாளே முளைக்கும் இடமாக இருந்தது என்று அர்த்தம். அழகான ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நின்றுவிடாமல் ஐந்தாறு இடங்களில், குறைந்த உருப்பெருக்கத்திலும் எடுங்கள்.

சுடுவதா, வேண்டாமா?

அப்படியே பயன்படுத்தினால் ஆக்சைடு இன்னும் ஒடுக்கப்படவில்லை, கடத்துதிறன் குறைவு. ஒடுக்குவதற்கு ஹைட்ரசீன் போடலாம், ஆனால் அது நச்சு. அஸ்கார்பிக் அமிலம் நல்லதுதான், ஆனால் ஸிஃப்-67 அமிலத்தில் கரைந்துவிடும். அதனால் பெரும்பாலானவர்கள் மந்த வாயுவில் சுட்டு, மாஃபை நைட்ரஜன் கலந்த கரியாகவும் அதற்குள் கோபால்ட் துகள்களாகவும் மாற்றிவிடுகிறார்கள். ஆக்சிஜன் ஒடுக்கத்துக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், சுட்ட பிறகு அது மாஃப் இல்லை. மாஃபிலிருந்து பிறந்த கரி. கட்டுரைத் தலைப்பிலும் அப்படியே எழுதுங்கள்.

சுடும் முறை: டியூப் ஃபர்னஸில் ஆர்கான் ஓடவிட்டு முக்கால் மணி நேரம் காற்றை வெளியேற்றுங்கள். படகு என்று சொல்லும் சிறு கலனில் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள், குவிக்காதீர்கள். 150 முதல் 250 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான், ஏனென்றால் கிராஃபீன் ஆக்சைடு அங்கேதான் தன் ஆக்சிஜனை வெப்பத்தோடும் வாயுவோடும் உதறும். வேகமாகப் போனால் பொடி படகைவிட்டுப் பறந்து குழாய் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பிறகு நிமிடத்துக்கு இரண்டு டிகிரியில் 700 அல்லது 800 வரை, அங்கே இரண்டு மணி நேரம். ஆறும்போதும் ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது, நுண்ணிய கோபால்ட் காற்றுப் பட்டதும் தானாகச் சூடேறும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் குப்பியின் பக்கத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பொடி ஓடி வரும், கோபால்ட் உலோகமாகிவிட்டது. எக்ஸ்ஆர்டியில் 44.2 டிகிரி உச்சமும் அதையே சொல்லும். வெளியே தளர்வாக இருக்கும் கோபால்ட்டை அரை மோலார் கந்தக அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து எடுத்துவிடலாம், கரிக்குள் மூடிய துகள்கள் அப்படியே இருக்கும்.

மையும் அளவையும்

மின்முனையில் பூசும் மைக்கு: 5 மில்லிகிராம் பொடி, 970 மைக்ரோலிட்டர் ஐசோபுரோப்பனாலும் தண்ணீரும் கலந்தது, 30 மைக்ரோலிட்டர் 5 சதவீத நாஃபியான் (பொடியைப் பிடித்துவைக்கும் பாலிமர்). சுடாத ஸிஃப் என்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாஃபியானும் அமிலத்தன்மை உள்ளது, அதனால் மையை அன்றன்றே செய்து அன்றே பயன்படுத்துங்கள். 0.05 மைக்ரான் அலுமினாவில் பாலிஷ் செய்த 3 மில்லிமீட்டர் கண்ணாடிக் கரி மின்முனையில் 5 மைக்ரோலிட்டர் விட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.35 மில்லிகிராம் வரும். சொட்டு வளையமாகக் காய்ந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

காரத்தில் வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அளக்காதீர்கள், பாதரச ஆக்சைடு மின்முனைதான் அங்கே சரி. 1 மோலார் காரத்தில் ஆர்எச்இ (மீள் ஹைட்ரஜன் மின்முனை) அளவுகோலுக்கு மாற்ற ஏறத்தாழ 0.92 வோல்ட் கூட்ட வேண்டும், ஆனாலும் பிளாட்டினம் கம்பியில் ஹைட்ரஜன் குமிழியிட்டு உங்கள் மின்முனையை நீங்களே ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஹைட்ரஜன் வெளியேற்றத்துக்கு துணை மின்முனையாகப் பிளாட்டினம் வேண்டாம், கிராஃபைட் தண்டு போடுங்கள். பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து உங்கள் வினையூக்கியின் மேல் படிந்து, எண்கள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போகும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தம்மாத்துண்டு இரும்பு எப்போதும் இருக்கும். நிக்கல், கோபால்ட் ஹைட்ராக்சைடுகள் அதை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜன் வெளியேற்றத்தில் பல மடங்கு நன்றாக வேலை செய்யும். நிக்கல் ஹைட்ராக்சைடை அதில் கலக்கி இரும்பைப் பிடித்துவிட்டு, பிறகு அந்தக் காரத்தைப் பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் வெளியேற்றத்தில் ஸிஃப்-67 சீக்கிரமே கோபால்ட் ஆக்சிஹைட்ராக்சைடாக மாறிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம், வேலை செய்வது அதுதான், மாஃப் அதற்கு முன்வடிவம். கோபால்ட் ஆக்சிஜனேற்ற உச்சம் உண்மையான மின்னோட்டத்தோடு கலந்துவிடும் என்பதால் 10 மில்லியாம்பியருக்குத் தேவைப்படும் மின்னழுத்த எண்ணை, மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே எடுக்கும் வளைவிலிருந்து எடுக்காமல், மின்னோட்டத்தை நிலையாக வைத்து அளந்து சொல்லுங்கள். இரட்டை அடுக்கு மின்தேக்கத்தை வைத்துச் செயல்பரப்பு கணக்கிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தேக்கத்தில் பெரும்பங்கு கிராஃபீனுடையது, கிராஃபீனின் பரப்பெல்லாம் வினை நடக்கும் பரப்பு இல்லை.

கடைசியாக, ஒப்பீட்டு மாதிரிகள். கிராஃபீன் தனியாக, மாஃப் தனியாக, இரண்டையும் அதே விகிதத்தில் உரலில் அரைத்த கலவை, அப்புறம் உங்கள் கலப்புப் பொருள். நான்கும் ஒரே சூட்டில், ஒரே மையில், ஒரே நாளில். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிக முக்கியம். கிராஃபீனில் எதைக் கலந்தாலும் கொஞ்சம் வினையூக்கம் கூடத்தான் செய்யும். 2020-ல் பூமேராவின் குழு பறவை எச்சத்தைக் கலந்தே அதைக் காட்டிவிட்டது. உங்கள் பொருள் அரைத்த கலவையைவிடத் தெளிவாக, மூன்று தனித்தனித் தயாரிப்புகளிலும் மேலே நின்றால், இணைப்பு வேலை செய்கிறது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டின் அளவீட்டுக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கோபால்ட்டைச் சேர்க்கும் அந்த அரை மணி நேரத்துக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.